கால் படுகிற இடத்துக்கு மட்டும்

கம்பளக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கட்டியவரே அதைச் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. வீடு வீடாகப் போய்த் தரைக் கம்பளம் கழுவிக் கொடுப்பது அவள் தொழில். தொழிலே பெயராகிவிட்டது.

முன்பு ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்தாள். அங்கே வீட்டுக்குள் நுழைந்ததும் டேப்பை இழுக்க வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. டேப் நீள நீள வீட்டுக்காரம்மாவின் முகம் சுருங்கும். கட்டிலுக்கு அடியிலும் அளப்பார்கள், அலமாரிக்குப் பின்னாலும் அளப்பார்கள். “அங்கெல்லாம் யாருங்க வந்து பார்க்கப் போறா?” என்று ஒருத்தி கேட்டாள். கையோடு, “அப்புறம் சொல்லி அனுப்புறோம்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்லி அனுப்புகிறோம் என்றால் இந்த ஜென்மத்தில் கூப்பிட மாட்டோம் என்று அர்த்தம். அந்தக் கேள்வி மட்டும் கம்பளக்காவை விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது.

கம்பெனியை விட்டு, பழைய மிஷின் ஒன்றை வாங்கி, கணவரின் ஓட்டை வேனில் ஏற்றிச் சொந்தமாக ஆரம்பித்தபோது அவள் டேப்பைத் தொடவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அறைக்குள் நடந்து பார்ப்பாள். வாசலிலிருந்து சமையலறைக்கு, சோபாவிலிருந்து ஜன்னலுக்கு என்று ஜனங்கள் நடந்து நடந்து கம்பளத்தின் மயிர் எங்கே படுத்துக்கிடக்கிறது என்று அவள் பாதத்துக்குத் தெரியும். “இவ்வளவுதாங்க நீங்க நடக்குறது. இதுக்கு மட்டும் குடுங்க, போதும்” என்பாள். கம்பெனி விலையில் பாதிகூட வராது. கைக்கும் வாய்க்கும் இழுத்துக்கொண்டிருக்கிற குடும்பங்களெல்லாம் அவளைத்தான் தேடின. பாதை விலை என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

கணவருக்கு மட்டும் அந்த விலை பிடிக்கவில்லை. அவர் வாயைத் திறந்தாலே அபசகுனம்தான். “பாதி விலைக்குப் பாதி வேலை செய்யிறவ மேலதான் முழுப் பழியும் விழும், பார்த்துக்கோ” என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டுவார்.

பாதை விலையில் ஒரு நெளிவுசுளிவு உண்டு. கழுவிய இடமும் கழுவாத இடமும் சந்திக்கிற ஓரத்தை அப்படியே விட்டால் கோடு விழுந்துவிடும். அதை ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கி இழுத்துவிட வேண்டும். அதற்கே நேரம் போய்விடும். ஆகையால் மேஜையோ கட்டிலோ இருக்கிற பக்கம் கம்பளக்கா அந்தச் சிரமம் எடுத்துக்கொள்வதில்லை. கோடு சாமானுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இத்தனை நாளும் அது ஒளிந்தேதான் கிடந்தது.

தையல்காரர் வீட்டில்தான் வெளியே வந்தது.

மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையலறை. அறை முழுக்க, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த மணல் நிறக் கம்பளம். தையல்காரரும் அவர் மனைவியும் அங்கேயே தைத்து அங்கேயே தூங்குகிறவர்கள். துணி வெட்டுகிற மேஜை பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தது. கம்பளத்துக்குள் சிக்கிய குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்கி எடுக்கவே கம்பளக்காவுக்குக் காலை நேரம் போய்விட்டது. “ரொம்ப குறைச்சு சொல்லுங்கக்கா, கையைக் கடிக்குது” என்று தையல்காரர் கேட்டார். அவள் வழக்கம்போல் பாதை விலை சொன்னாள். மேஜை, கட்டில், அலமாரி மூன்றையும் சுற்றிக் கழுவிவிட்டு வந்தாள். எதற்காகக் கழுவுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மதியம் தட்டில் கைவைக்கப் போகும்போது போன் வந்தது.

“அக்கா, நாங்க வீடு காலி பண்றோம்” என்றார் தையல்காரர். “சாமானெல்லாம் கீழ இறக்கிட்டோம். அறையைப் பார்த்தா திட்டுத்திட்டா இருக்குக்கா. வீட்டுக்காரர் வந்து பார்த்துட்டு, இப்படியா உங்ககிட்ட குடுத்தேன்னு கத்துறாரு. புதுக் கம்பளம் போட அட்வான்ஸ் முழுசையும் பிடிச்சுக்குவாராம். சாயங்காலம் திரும்ப வருவாராம்.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். “புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?”

“இவர்கிட்ட இருக்குற பணத்தை வாங்கித்தானக்கா அங்க குடுக்கணும். தெருவைப் பார்த்த கடை, பின்னாடியே வீடு. இருட்டுறதுக்குள்ள பணத்தோட வரலேன்னா சாவியை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு சொல்லிட்டாரு அதை வாடகைக்கு விடுற கடைக்காரர். சாமானெல்லாம் தெருவுல கிடக்குதுக்கா.”

தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். வேனில் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். அபசகுனம் பலித்தவர்கள் அப்படித்தான், சொல்லிக்காட்டாமல் சொல்லிக்காட்டுவார்கள். கடைசியில் அடக்கமாட்டாமல், “இன்னைக்கு வேலை ஓசியிலயா?” என்று கேட்டார்.

“ஓசி இல்ல. என் தப்பு” என்றாள்.

அறையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கழுவிய பாதை பளிச்சென்று ஆறு மாதிரி வளைந்து ஓடியது. அதன் நடுவே மேஜை இருந்த இடம் நூலும் சாக்பீஸ் தூளும் அப்பிய சாம்பல் தீவாக நின்றது. கட்டிலும் அலமாரியும் இருந்த இடங்கள் வேறு இரண்டு தீவுகள். ஓரங்கள் கத்தியால் கீறியது போல் இருந்தன. அவள் கழுவாமலே விட்டிருந்தால் அறை முழுக்க ஒரே மாதிரி பழசாகத் தெரிந்திருக்கும், யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். கழுவியதுதான் காட்டிக்கொடுத்திருந்தது.

தையல்காரர் மனைவி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். வாங்கக்கா என்றுகூடச் சொல்லவில்லை. அதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

மீதியைக் கழுவுவது பெரிய காரியமில்லை. காய்வதுதான் பெரிய காரியம். மிஷின் சுடுதண்ணீரை அடித்து உறிஞ்சும். உறிஞ்சினாலும் ஈரம் நிற்கும், ஈரம் நிற்கிறவரை அந்த இடம் கறுப்பாகத்தான் தெரியும். வழக்கமாக மறுநாள் வரை காயும். இங்கே சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்.

“ஃபேனைப் போடுங்க தம்பி” என்றாள்.

தையல்காரர் மேலே பார்த்தார். கூரையில் கொக்கி மட்டும் தொங்கியது. ஃபேன் அவர்களுடையது, கழற்றிக் கீழே மூட்டைகளோடு கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து ஸ்டூல் மேல் ஏறி மாட்டினார். கம்பளக்காவின் கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

அவள் மிஷினை ஓட்டினாள். ஒரு தடவை தண்ணீர், நாலைந்து தடவை வெறும் உறிஞ்சல். முழங்கால் கெஞ்சியது. மேஜைத் தீவு கரைந்தது, கட்டில் தீவு கரைந்தது. படியில் யார் காலடி கேட்டாலும் தையல்காரர் மனைவி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஜன்னல் வெயில் சுவர் மேல் ஏறிக்கொண்டே போனது. அலமாரித் தீவில் பாதி வந்தபோது மிஷின் மூச்சை நிறுத்தியது. ஃபேனும் நின்றது. இரண்டையும் தாங்காமல் கட்டடத்து ஃபியூஸ் போய்விட்டது.

கணவர் கீழே ஓடினார். தையல்காரர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். “அக்கா, கழுவினதை மறுபடி அழுக்காக்கிட்டா என்ன?” என்று மெதுவாகக் கேட்டார். “வாசல் மண்ணை அள்ளிட்டு வந்து தேய்ச்சிடலாம். எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும். பழசாயிடுச்சுன்னு விட்டுடுவாருல்ல.”

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அவள் சிரிக்கவில்லை. அது நடக்கக்கூடிய யோசனைதான். ஐந்து நிமிஷத்து வேலை. அவள் கண் தானாகவே வாளியிலிருந்த கறுப்புத் தண்ணீரின் மேல் போனது. கையும் வாளிப் பிடியைத் தொட்டுவிட்டது. தன் கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அருவருப்பாக இருந்தும் கையை எடுக்கவில்லை. இருட்டுவதற்குள் இவர்கள் தெருவில் நிற்கப் போகிறார்கள், தன் சுத்தம் இவர்களுக்கு என்ன சோறு போட்டது என்றுதான் தோன்றியது.

ஃபேன் திரும்பச் சுற்ற ஆரம்பித்தது. அவள் கையை எடுத்தாள்.

அலமாரித் தீவும் போனது. தையல் மிஷின் நின்ற மூலையில் எண்ணெய்க் கறை மட்டும் அசையவில்லை. அதற்கு மருந்து போட்டு ஊறவிட வேண்டும். மருந்தை எடுக்கத் திரும்பியபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடி யாருக்கும் கேட்கவில்லை.

நல்ல சட்டை போட்ட, நிதானமான மனிதர். செருப்போடு உள்ளே வந்தார். குனிந்து தொட்டுப் பார்த்தார். “ஈரமா இருக்கு. காய்ஞ்சதும் என்ன கதின்னு யாருக்குத் தெரியும்? அங்க பாரு, எண்ணெய். நான் சொன்னது சொன்னதுதான்.”

“சார், காய்ஞ்சா ஒரே நிறம்தான். நான் பொறுப்பு” என்றாள் கம்பளக்கா. “கோடு விழுந்ததே என்னாலதான். இவங்களைத் தண்டிக்காதீங்க.”

“உன் பொறுப்பை வச்சு நான் என்னம்மா பண்ண?” என்றவர் அறையை இன்னொரு தடவை பார்த்தார். கழுவிய இடம் நன்றாகத்தான் இருந்தது, அது அவர் கண்ணிலும் பட்டது. அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். கொஞ்சம்தான் தாழ்த்தினார். இல்லாதவர்களுக்குக் காது கேட்காது என்று இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு.

“இந்தக் கட்டடத்துல எனக்கு நிறைய அறை இருக்கு. பக்கத்து அறைக்கு நாளைக்கு ஆள் வருது. நீ ஏதோ கம்மி விலைக்குப் பண்றியாமே, நடுவுல மட்டும்? அப்படியே பண்ணிடு. மூலை முடுக்கெல்லாம் வேண்டாம். வர்றவன் கட்டிலைப் போட்டா மறைஞ்சிடும். எல்லா அறையும் உனக்கே தர்றேன்.”

வாசலில் கணவர் நின்றிருந்தார். கட்டடம் முழுக்க வேலை. ஒத்துக்கொள் என்று அவர் கண் கெஞ்சியது. அதற்குள் அதுவரை ஒரு வார்த்தை பேசாத தையல்காரர் மனைவி நிலையை விட்டு முன்னால் வந்தாள்.

“புதுசா வர்றவங்களுக்கு மூலை முடுக்கு வேண்டாம்னா, எங்ககிட்ட மட்டும் எதுக்கு சார் மூலை முடுக்குக்குப் பணம் பிடிக்கிறீங்க?”

சத்தமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல் கேட்டாள். அதனால்தான் அவரால் அதட்ட முடியவில்லை. அவர் கம்பளக்காவைப் பார்த்தார். “நீ சொல்லும்மா, நான் கேட்டதுல என்ன தப்பு? நீயே பண்ற வேலைதானே?”

அவர் கேட்டது நியாயம்தான், அவள் விற்கிற சரக்கைத்தான் அவர் கேட்கிறார். ஆனாலும் எங்கோ இடித்தது. எங்கே என்று அந்த நிமிஷம் வரை அவளுக்கே தெரியாது. பேசப் பேசத்தான் தெரிந்தது.

“சார், கட்டிலுக்கு அடியில அழுக்கு இருக்குன்னு தெரிஞ்சு, பரவாயில்லைன்னு அதும் மேலயே படுக்கிறவங்களுக்குத்தான் அந்த விலை. இன்னொருத்தர் தலையில கட்டுறதுக்கு இல்ல. இவங்க வீட்டுல நான் அதைக் கேட்காம விட்டுட்டேன். உங்ககிட்ட தெரிஞ்சே பண்ண மாட்டேன். அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் போனார். கீழே தெருவில் மேஜையும் கட்டிலும் மூட்டைகளும் கிடந்ததைப் பார்த்திருக்கலாம், அதைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடி நின்றதையும் பார்த்திருக்கலாம். மனசு இளகியதா, மானம் தடுத்ததா, யார் கண்டார்கள். உள்பையிலிருந்து அட்வான்ஸ் பணம் இருந்த உறையை எடுத்துத் தையல்காரர் கையில் திணித்தார். முழுசாக இருந்தது. “நீ இனிமே இந்தக் கட்டடத்துப் படி ஏறக் கூடாது” என்று கம்பளக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெயில் சுவரை விட்டே போயிருந்தது. “ஏறுங்க எல்லாரும்” என்றார் கணவர், யாரும் கேட்காமலே. அந்த ஓட்டை வேன் அவ்வளவு வேகம் போகும் என்று அவருக்கே தெரியாது. தையல்காரர் மனைவி உறையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். தெருவில் கிடந்த சாமானுக்கு அக்கம்பக்கத்தார் காவல் இருந்தார்கள்.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தையல்காரர் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தார். கடைக்காரர் உறையைப் பிரித்துப் பார்த்தார், எச்சில் தொட்டு எண்ணினார், சாவியைக் கொடுத்தார்.

தையல்காரர் மனைவி ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள். பிறகு, “அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்” என்று கூப்பிட்டாள். என்னமோ ஏதோ என்று கம்பளக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கடையிலும் அதன் பின்னால் இருந்த அறையிலும் வெறும் சிமெண்ட் தரை. ஒரு முழம் கம்பளம்கூட இல்லை.

“இங்க உங்களுக்கு வேலையே இல்லக்கா” என்றாள் அவள், அழுதுகொண்டே சிரித்தாள்.

“கட்டடமும் போச்சு, இருந்த ஒரு வாடிக்கையும் போச்சு” என்றார் கணவர் வாசலிலிருந்து. கம்பளக்காவுக்கு வந்த சிரிப்பில் நிற்க முடியவில்லை. அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சில்லென்று இருந்தது. மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கண்ணீராக வந்தது. தையல்காரர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.