ஓணான் குஞ்சுகளுக்குத் திருஷ்டி

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். சொல்ல வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் இதைச் சொல்லிவிடுவேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்குப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அதனால் அமெரிக்காவில், பேர்லேண்டில் எங்கள் அபார்ட்மெண்ட்டுக்குள் வந்த அத்தனை ஆங்கிலத்துக்கும் ஒன்பது வயதில் நானே பொறுப்பு. டாக்டர் சொல்வது, வாடகை ஆபீஸில் சொல்வது, பள்ளியிலிருந்து வரும் போன் எல்லாம் என் வாய் வழியாகத்தான் தமிழாகும். அப்படி நான் தமிழாக்கியவற்றில் வீட்டையே புரட்டிப் போட்ட வாக்கியம் ஒன்று உண்டு. அது ஓணானைப் பற்றியது.

அப்பா அங்கே ஒரு தமிழ் உணவகத்தில் தலைமைச் சமையல்காரர். சித்தப்பாவை ஊரிலிருந்து வரவழைத்து அதே அடுப்படியில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். கூட வேலை பார்த்த மெக்சிகோக்காரர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது, தான் வளர்த்த ஒரு ஜோடி பச்சோந்தியைச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். பச்சோந்தி என்பது எங்கள் வீட்டில் ஆளைத் திட்டும் சொல் என்பதால் அவை ஓணான்களாயின.

"ஊர்ல கல்லெடுத்து அடிச்சதுக்கு இங்க ஏசி போட்டு வளக்குறான் பாரு" என்றார் அப்பா.

பெண் ஓணான் ஒரு வாளி ஈர மணலில் குழி தோண்டி முட்டையிட்டது. சித்தப்பா முட்டைகளைத் தயிர் டப்பாவில் பத்திரப்படுத்தி அலமாரியில் வைத்தார். மாதங்கள் போய், நாங்கள் மறந்தே போன பிறகு, ஒரு காலையில் குஞ்சுகள் பொரிந்தன. வாலையும் சேர்த்தால் என் விரல் நீளம். அவற்றுக்குப் பழ ஈதான் தீனி. கடையில் வாங்கிய இறக்கையில்லாத ஈக்களை அம்மா கனிந்த வாழைப்பழத்தில் பெருக்கினாள். "அமெரிக்கா வந்து ஈ வளக்குறேன், யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்று கோயிலில் பார்க்கும் ஆன்ட்டியிடம் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

குஞ்சுகளைத் தனித்தனி டப்பாவில் வைக்க வேண்டும் என்றார் சித்தப்பா. அம்மா விடவில்லை.

"ஒரு வயித்துல பொறந்ததுகளப் பிரிச்சா வைக்கிறது? பாவம்ல தம்பி."

அம்மா சொன்னால் சித்தப்பா மறுத்துப் பேசமாட்டார். ஒரு பெரிய வலைக்கூண்டில் செம்பருத்தித் தொட்டியை வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக விட்டார்கள். கொஞ்ச நாள் கூண்டு பார்க்க அழகாக இருந்தது. பிறகு ஒரு குஞ்சு மட்டும் வளராமல் நின்றது. மற்றவை அதைப்போல் இரண்டு மடங்கு ஆயின. இது கறுத்துப்போய், பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு, குச்சியோடு குச்சியாக ஒட்டிக் கிடந்தது. எதிரே ஈ ஊர்ந்தாலும் நாக்கை நீட்டவில்லை. சித்தப்பா அதை விரலில் ஏற்றிக்கொண்டு இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார். செத்துவிடுமோ என்று நான் கேட்டபோது இன்னொரு சொட்டு விட்டார்.

திங்கட்கிழமை உணவகத்துக்கு விடுமுறை. சித்தப்பா காரோட்ட, நானும் அம்மாவும் ஆளுக்கொரு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வன விற்கும் கடைக்குப் போனோம். என் மடியில் சின்னது. அம்மா மடியில், வித்தியாசம் காட்டுவதற்காக, இருப்பதிலேயே பெரியது. கை முழுக்கப் பச்சை குத்திய கடைக்காரர் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சின்னது இன்னும் கறுத்து, குச்சியின் மறுபக்கம் போய் ஒளிந்தது.

"பெரிசு இத அடிக்கல, கடிக்கலன்னு சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். நான் நிமிர்ந்து நின்று மொழிபெயர்த்தேன்.

"தொடவே வேணாமாம்மா. பெரிசு பாத்தாலே போதுமாம். இது சாப்பிடாதாம்."

அவர் சொன்னது சின்னது பெரியதைப் பார்ப்பதைப் பற்றி. என் தமிழில் பார்வை திசைமாறிவிட்டது. அம்மா மெதுவாகத் தலையாட்டினாள்.

"கண்ணுபட்டிருக்கு. இந்த ஊர்லயும் வெவரம் தெரிஞ்ச ஆளு இருக்காக."

வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்துக் குஞ்சைச் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை அலாரம் அலறியது. கீழ்வீட்டார் வெளியே ஓடி வந்தார்கள். சித்தப்பா நாற்காலி மேல் ஏறி அதை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் தன் பழைய கைலியைக் கிழித்து, சின்னதைத் தனி டப்பாவில் விட்டுச் சுற்றிலும் மறைத்துக் கட்டினார். அந்த வாரத்திலேயே அது பச்சையாகி, முதல் ஈயைப் பிடித்தது. மிளகாய்தான் என்றாள் அம்மா. கைலி என்று சித்தப்பா சொல்லவில்லை. ஆனால் மற்ற குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

அதற்குப் பிறகு அம்மா சாப்பாட்டு நேரங்களில் அப்பாவையும் சித்தப்பாவையும் கவனிக்கத் தொடங்கினாள். அப்பா தம்பியை ஒரு நாளும் திட்டியவரில்லை. தம்பி கிண்டும் சட்டியில் கரண்டியை விட்டு ருசி பார்ப்பார், அவ்வளவுதான். தம்பிக்கு என்ன பிடிக்கும், எந்தச் சட்டை பொருந்தும் என்பதை யார் கேட்டாலும் அப்பாவே பிரியமாகச் சொல்லிவிடுவார். அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சித்தப்பா தட்டெடுப்பார். விடுமுறை நாளில் அப்பா வீட்டிலிருந்தால், சித்தப்பா கீழே போய்க் கழுவின காரையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் அம்மா அப்பாவிடம் பேச்செடுத்தாள். கோயில் ஆன்ட்டியின் அண்ணன் காரில் நாலைந்து மணி நேரம் தள்ளி, பிளானோவில் சாப்பாட்டுக் கடை திறக்கிறாராம், சமையலுக்கு ஆள் தேடுகிறாராம்.

"அதுக்கு?" என்றார் அப்பா.

"தம்பி போகட்டும்ங்க."

"என் தம்பிய என் வீட்ட விட்டு அனுப்பச் சொல்றியா? நான் அவன என்ன செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணுஞ் செய்யல. எதுத்தாப்புல இருக்கீக, அவ்வளவுதான்."

அப்பாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கும்தான். அப்பா பல நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தப்பா அடுப்படி வாசலில் வந்து நின்று, "மதினி, அண்ணன்..." என்று இழுத்தார்.

"அண்ணன நான் பாத்துக்கிறேன். போங்க தம்பி."

என் காதில் விழுந்தது அந்தப் 'போங்க' மட்டும்தான். அம்மா சித்தப்பாவைத் துரத்துகிறாள் என்று வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் சொன்னேன், சுத்தமான ஆங்கிலத்தில். அவர் கிளம்பிய அன்று, டப்பாக்களைப் பின்சீட்டில் அடுக்கி, இடையிடையே கைலித் துண்டு செருகி, சீட் பெல்ட் போட்டுவிட்டார். கையசைக்க அம்மா என்னை அருகில் இழுத்தபோது நான் விலகிக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து, நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் போன் வந்தது. அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஒரே பாத்திரச் சத்தம். "அடுப்பக் கொறடா, அடிபிடிக்குது" என்று யாரையோ அதட்டிவிட்டு, எங்கள் வீட்டில் குரலே உயர்த்தாத சித்தப்பா அதே குரலில் எங்களிடம் பேசினார். சாப்பிட்டீங்களா என்றார். ஓணான்கள் சுகம் என்றார். ஏதோ சொல்லித் தானே உரக்கச் சிரித்தார். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் காதருகில் போனேன்.

"சித்தப்பா ஏம்மா கத்துறாரு?"

அம்மா போனை எடுத்து, சத்தத்தை இன்னும் கூட்டி, அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சித்தப்பாவுக்கு எங்கள்மேல் எவ்வளவு கோபம் என்று நினைத்து, அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.