திரை போட்ட காருக்கு ஒரு சலாம்

எங்கள் தோட்டத்தில் யார் எதில் போகலாம் என்று எழுதி வைத்த சட்டம் ஏதும் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் தெரியும். பெரிய துரைக்கு மோட்டார் கார். சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிள். ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணிக்குச் சைக்கிள். இரண்டாம் கிராணியாக இருந்த எனக்கு, பெரிய கிராணி இறங்கும்போது அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளும் உரிமை. மற்றவர்களுக்குக் கால்.

சிங்கப்பூருக்கு வடக்கே, லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து செம்மண் பாதையில் போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. துரையின் கார் வரும் சத்தம் கேட்டால் பாதையில் நடப்பவர்கள் ஓரம் ஒதுங்குவார்கள். தலைத்துண்டு கைக்கு வரும். குடை மடங்கும். கார் தாண்டிப் போகும்வரை சலாம் வைத்த கை இறங்காது.

இந்த ஒழுங்கு குலைந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில். இருபத்தாறு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், தவறு. சிங்கப்பூர்க் கடற்பாலம் திறந்த மறு வருடம்தான் ரப்பர் விலை ஏறு ஏறென்று ஏறியது. விலை ஏறாமல் ஒரு கிராணி கார் வாங்கியிருக்க முடியாது. மாதம் எது என்பதற்கும் என்னிடம் ஆதாரம் உண்டு: வடகிழக்கு மழை அப்போது தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் பெரிய கிராணி காருக்குத் திரை போட்டதில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

பெரிய கிராணிக்கு லாபிஸ் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் இருந்தது. பழைய துரை சீமைக்குக் கப்பல் ஏறியபோது அவருடைய காரை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர் பெரிய கிராணி. கரும்பச்சை நிறம். மேலே மடக்கும் துணிக்கூரை. பித்தளை ஹாரன், அதன் ரப்பர்ப் பந்தை அமுக்கினால் கிழட்டு எருமை இருமுவதுபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் பல வருடமாகத் தோட்டமே எழுந்து நின்றது.

முதல் நாள் பெரிய கிராணி ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்தார். பாதையோரம் பால்வாளிகளுடன் நடந்தவர்கள் சட்டென்று ஒதுங்கினார்கள். துண்டுகள் இறங்கின. அவர் முகம் மலர்ந்தது. கார் கிட்டே வந்ததும் உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துபோயிற்று. பாதி தூரம் உயர்ந்த கைகள் அப்படியே பிடரியைச் சொறிந்தன. இறங்கிய துண்டுகள் வியர்வை துடைத்தன.

"நம்ம கிராணியாரு" என்றாள் ஒருத்தி. "நான் தொரைன்னுல்ல பயந்துட்டேன்."

ஒரு வாரம் இப்படிப் பாதிச் சலாமாகவே கிடைத்தது. முழுதாகக் கிடைக்காதது பெரியதல்ல. கிடைக்க இருந்து நின்றுபோனதுதான் அவரை அரித்தது. எட்டாம் நாள் துணிக்கூரையை ஏற்றினார். மூன்று பக்கமும் திரையை இறக்கிப் பொத்தான் போட்டார். திரையில் கையகல மைக்கா ஜன்னல்கள் உண்டு, பழையதாகி மஞ்சளேறியவை. உள்ளே யார் என்று வெளியே தெரியாது. முன் கண்ணாடிக்குப் பின்னால் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டால் மீதியும் தெரியாது.

அன்று முதல் முழுச் சலாம். லாயாங் லாயாங் கடைத்தெருவில்கூடக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியும் கடைத்தெருவுக்குப் போனபோது பின்னிருக்கையில் நானும் இருந்தேன்.

"ஏங்க, உள்ள இட்லி வேகுற மாதிரி இருக்கு. ஒரு பக்கத் திரையாச்சும் தூக்குங்க" என்றார் அந்த அம்மாள்.

"பேசாம இரு. நாலு பேரு நிக்கிறாங்க."

"நிக்கிறவங்க நல்லாத்தான் நிக்கிறாங்க. உக்காந்திருக்கிற நாமதான் சாகப் போறோம்."

இதற்கிடையில் புதிய துரை வந்து சேர்ந்தார். பரம்பரைப் பணக்காரர் என்று பேசிக்கொண்டார்கள். அவரோ ஒரு குட்டிக் கார் வாங்கினார். பிறந்ததிலிருந்து பணத்தோடு இருந்தவருக்கு அதைச் சக்கரத்தில் ஏற்றிக் காட்டத் தோன்றவில்லை போலும். ஆள் பனைமர உயரம். உட்கார்ந்தால் முழங்கால்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வரும். கார் தையல் இயந்திரம்போல் ஓடும். அதற்குச் சலாம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பல்பொடி விற்பவன் என்று நினைத்து ஒரு பெண் கைதட்டி நிறுத்தச் சொன்னதாகவும் கேள்வி.

பின்னர் ஒரு புதன்கிழமை, ஆற்றுப் பலகைப் பாலத்தில் இரண்டு கார்களும் எதிரெதிரே வந்து நின்றன. புல்வெட்டும் ஆட்களுக்கு வருகைப் பேர் போடுவதற்காக நான் பாலத்தருகில் நின்றிருந்தேன். ஒரு கார்தான் போக முடியும். ஒருவர் பின்வாங்க வேண்டும். யார் பின்வாங்க வேண்டும் என்பதில் உலகத்தில் எவருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் பெரிய கிராணிக்குக் கார் ஓட்டப் பழக்கிய டிரைவர், பின்னால் ஓட்டுவதைச் சொல்லித் தருவதற்குள் மெர்சிங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கரும்பச்சைக் கார் அசையவில்லை. எருமை மட்டும் ஒருமுறை இருமியது. பதற்றத்தில் முழங்கை பட்டுவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சத்தம் கேட்டதும் புல்வெட்டிகள் அத்தனை பேரும் நிமிர்ந்து, துரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரை போட்ட காருக்குச் சலாம் வைத்தார்கள். துரை அவர்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு தையல் இயந்திரத்தைப் பின்னால் ஓட்டி வழிவிட்டார். பெரிய கிராணி அவரைக் கடந்து போனார். திரைக்குள்ளிருந்து தானும் துரைக்குச் சலாம் வைத்ததாகச் சொன்னார். அதை யார் பார்த்தது.

பக்கத்துத் தோட்டத்தில் துரைக்கு எதிரே குடையை மடக்காத கிராணிக்கு இருபத்து நாலு மணி நேரத்தில் வேலை போயிற்று. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். இவரோ துரையையே பின்வாங்க வைத்தவர். மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார் துரை. தோட்டத்துத் துரைகளுக்கு நம் பேச்சு நன்றாகவே வரும். மரியாதை விகுதிகள் மட்டும் வராது.

"கிராணி, அந்தப் பெரிய காரு யாரோடது?"

"என்னோடதுங்க தொரை."

"திரை ஏன் போட்ட?"

"தூசிங்க தொரை."

"என் காருக்கு ஒருத்தனும் சலாம் போடல. அத சரி பண்ணு. பண்ணலன்னா நீ வேற தோட்டம் பாரு."

வெள்ளிக்கிழமை விடியற்காலை, ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் முன், பெரிய கிராணி ஆட்களைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னிலேருந்து சின்னக் காருக்குத்தான் சலாம். பெரிய காரு வந்தா அவங்கவங்க வேலையப் பாருங்க. வெளங்குச்சா?"

"பெரிய காருல யாரு வந்தாலுமா, ஐயா?" என்றாள் முன்வரிசையில் நின்ற புல்வெட்டுக்காரி.

"யாரு வந்தாலும்."

"அப்ப ஆளைப் பாக்க வேணாம், காரைப் பாத்தாப் போதும்."

"அதத்தானே எப்பவும் செய்றீங்க."

இரண்டு வாரத்தில் தோட்டம் பழகிவிட்டது. தையல் இயந்திரம் எங்கே போனாலும் துண்டுகள் இறங்கின. திரைகளைக் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டுப் பெரிய கிராணி நிம்மதியாகத் தூங்கினார் என்றுதான் நினைக்கிறேன். அந்த நிம்மதி, சிங்கப்பூரிலிருந்து கம்பெனி மேலதிகாரி தோட்டத்தைப் பார்வையிட ரயிலில் வந்து இறங்கும்வரை நீடித்தது. வந்தவர் அகலமானவர். துரையின் முழங்காலுக்கே இடம் போதாத காரில் அவருடைய வயிற்றை எங்கே வைப்பது. துரை அன்றைக்கு மட்டும் கார்களை மாற்றிக்கொள்ளச் சொன்னார். பெரிய காரில் துரையும் மேலதிகாரியும் முன்னால் போக, சின்னக் காரில் பெரிய கிராணியும் நானும் பின்னால் போனோம். நடக்கப்போவது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. சொல்லத்தான் நேரமில்லை.

கரும்பச்சைக் கார் புல்வெட்டுகிற இடத்தைத் தாண்டியது. ஒரு தலை நிமிரவில்லை.

"பெரிய காரு வருது, வேலையப் பாருங்கடி" என்ற குரல் எங்கள்வரை கேட்டது.

அடுத்து நாங்கள் வந்தோம். வரிசையாக எழுந்து நின்றார்கள்.

"வேணாம்னு சொல்லு, தம்பி."

"எப்படிங்க ஐயா சொல்றது?"

"கைய ஆட்டு."

ஆட்டினேன். சலாமை ஏற்றுக்கொண்டோம் என்று நினைத்து இன்னும் குனிந்தார்கள். பெரிய கிராணி இருக்கையில் சரிந்து, கண் மட்டும் தெரியும்படி ஓட்டினார். பார்ப்பவர்களுக்கு ஓட்டுகிற ஆளே இல்லாமல் கார் போவதாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் சலாம் குறையவில்லை.

"வேல போனா வீட்டுல என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார், ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து.

பாலத்தருகில் முன் கார் நின்றது. மேலதிகாரி இறங்கி, கையிலிருந்த சுருட்டைக்கூட மறந்து, எங்களையும் பாதையோரம் நின்ற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் காரில் வருவது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் பெரிய கிராணி என்றார் துரை, உதட்டை அசைக்காமல். மேலதிகாரி யோசித்தார். பிறகு துரையின் தோளில் தட்டினார். ஒரு கிராணிக்கே இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஆட்களை எந்தத் தோட்டத்திலும் தாம் கண்டதில்லை என்றும், கட்டுப்பாடு என்றால் இதுதான் என்றும் சொன்னார். துரைக்கு ஏற்ற கார் என்று கரும்பச்சைக் காரையும் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

மறுநாள் ஆபீசில் நானும் இருந்தேன். துரை பெரிய கிராணியைக் கூப்பிட்டிருந்தார். பாராட்டுக் கிடைத்த காரணத்துக்காக ஒருவனை வேலையைவிட்டு நீக்க முடியாது என்ற கஷ்டம் துரையின் முகத்தில் தெரிந்தது.

"வேல உனக்கு" என்றார் கடைசியில். "காரு ரெண்டும் எனக்கு."

பெரிய கிராணி வாங்கிய விலையையே துரை கொடுத்தார். அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த பெரட்டில் புதிய உத்தரவு சொல்லப் பெரிய கிராணி எழுந்தார். ஆட்களைப் பார்த்தார். எந்தக் காருக்குச் சலாம், எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கே தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு வம்பு" என்றாள் புல்வெட்டுக்காரி. "சக்கரம் உருண்டா சலாம் போட்டுருவோம்."

அன்று காலை பெரிய கிராணி பழைய சைக்கிளில், முகத்தில் திரை ஏதுமின்றிப் பாதையில் போனார். இருபுறமும் துண்டுகள் இறங்கின. கைகள் உயர்ந்தன, பாதியில் எதுவும் நிற்கவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தார். அவருக்குச் சற்று முன்னால் போன கருவாட்டு வண்டிக்கும் அதே சலாம் கிடைத்தது. அதை அவர் கவனிக்கவில்லை என்று அவரும், பின்னால் நடந்து வந்த நானும் வைத்துக்கொண்டோம்.