கட்டை போடும் பேச்சியம்மா

ஹட்டனில் ஸ்டேஷன் வீதிக்குக் கீழே இருந்த என் கராஜுக்கு எத்தனையோ வண்டிகள் வந்தன. நான் வாய்விட்டுத் திட்டியது வீரய்யாவின் பிக்கப்பை மட்டும்தான். திட்டியதையெல்லாம் அந்த வண்டி கேட்டிருந்தால் வெட்கப்பட்டு ஒரு நாளாவது ஒழுங்காக ஓடியிருக்கும்.

அது ஒரு தோட்டத்துத் துரையின் வண்டி. அவர் சீமைக்குத் திரும்பியபோது, பத்து வருடம் அதை ஓட்டிய டிரைவர் வீரய்யாவே வாங்கிக்கொண்டான். 1958ஆம் வருடம். அவன் மனைவி பேச்சியம்மாவின் கழுத்தில் தாலிக்கொடி மட்டும் மிஞ்சியது. தோட்ட வேலையை விட்டுவிட்டு, நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி ஹட்டன் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினான். துரையிடம் இருந்தவரை வண்டிக்கு நோய் வந்தால் தோட்டம் வைத்தியம் பார்த்தது. சொந்தமான பிறகு எல்லாம் அவன் தலையில் விடிந்தது.

வேலையை விட்டாலும் தோட்டம் கொடுத்த லயத்து அறை கையைவிட்டுப் போகவில்லை. பேச்சியம்மா கொழுந்து பறித்தாள். தோட்டத்துப் பேரேடான செக்ரோலில் அவள் பெயர் இருக்கும்வரை அறையும் இருக்கும். அவர்கள் தலைக்கு மேலிருந்த தகரம் அவளுடைய பத்து விரல்களில்தான் நின்றது. இது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். தலவாக்கலை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். நான் சவர்க்காரத்தைத் திணித்து ஓட்டையை அடைப்பேன், ஒரு மாதம் தாங்கும். பெற்றோல் குடிப்பது போதாதென்று எண்ணெயும் குடிக்கும். பின்னால் வருகிற பஸ்காரன் புகையில் கண் தெரியாமல் சிங்களத்தில் ஏசுவான். முன்சக்கரத்தைத் திருப்பும் கிங் பின் தேய்ந்து, ஸ்டியரிங்கைக் கால் சுற்றுச் சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகும். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். ஒன்றைச் செய்தால் இன்னொன்று போகும். உழைத்ததில் பாதி என் கராஜில் கழன்றது, அதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

வண்டி வாங்கிய வருடமே கைப்பிரேக் செத்துவிட்டது. கேபிள் அறுந்து, பிடி சும்மா ஆடிக்கொண்டிருக்கும். மலைநாட்டில் கைப்பிரேக் இல்லாத வண்டியை எங்கே நிறுத்துவது? சம தரை என்று ஒன்று இருந்தால்தானே! மற்ற நாட்களில் வீரய்யா மண்திட்டில் சக்கரத்தைச் சாய்த்துச் சமாளிப்பான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் சிவனொளிபாத மலை யாத்திரை சீசனிலும் சுமை அதிகம். அப்போது பேச்சியம்மா கூட வருவாள். மடியில் ஒரு கட்டை இருக்கும், பிடுங்கி எறிந்த கிழட்டுத் தேயிலை மரத்தின் அடி. வண்டி மெதுவாகும்போதே கதவைத் திறந்துகொண்டு குதிப்பாள். அவன் பிரேக் மிதியை அழுத்திப் பிடித்திருக்க, ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைத்து, "ஆச்சு!" என்று கத்துவாள். அதற்குப் பிறகுதான் அவன் காலை எடுப்பான். ஹட்டன் கடைத்தெருவில் அவளைக் 'கட்டை பேச்சி' என்றே சொன்னார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு முறையும் வீரய்யா கேட்பான். "ஹலீம் நானா, இந்தத் தடவ கைப்பிரேக்க பாத்துருவமா?"

ஒவ்வொரு முறையும் நான் வேறொன்றைக் காட்டுவேன். அதைச் செய்யாவிட்டால் வண்டி ஓடாது, இதைச் செய்யாவிட்டாலும் ஓடும். அப்படித்தான் என் கணக்கு. 1962ஆம் வருடம் சீசன் தொடங்கிய பிறகு பின் ஸ்ப்ரிங் பட்டை உடைந்து வந்தது. கால் பிரேக்கும் சரியில்லை. மிதித்துக்கொண்டே இருந்தால் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். காலைத் தூக்கி இரண்டு குத்துக் குத்தினால் மறுபடி பிடிக்கும். அதற்கு வேண்டிய ரப்பர் அப்போது எங்கும் இல்லை. இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, சாமான் எதுவும் கிடைக்காத காலம். ஆனால் ஒரு கைப்பிரேக் கேபிள் இருந்தது. உடைத்துப் போட்ட இன்னொரு வண்டியில் கழற்றியது, என் சுவரில் ஆணியில் ஒன்றரை வருடமாகத் தொங்கியது. தட்டுப்பாட்டுக் காலத்தில் யாராவது அவசரமாக வருவார்கள் என்று வைத்திருந்தேன்.

"ஸ்ப்ரிங்க மட்டும் போடுவம். கைப்பிரேக்குக்கு என்ன அவசரம்? அதுக்குத்தானே தங்கச்சி இருக்கு!" என்றேன்.

வீரய்யா சிரித்தான். முன்சீட்டில் கட்டையோடு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாவும் சிரித்தாள். நான் மூவரிலும் பலமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் யாத்திரைக்காரர்களுக்கான கடைகளுக்குச் சுமை. மழை பெய்து பாதை வழுக்கிக் கிடந்தது. கடைகளுக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில், ஒரு கூட்டம் குறுக்கே போனதால் வீரய்யா நிறுத்தினான். எஞ்சின் அணைந்தது, கியர் துள்ளி வெளியே வந்தது. பேச்சியம்மா வழக்கம்போலக் குதித்தாள். ஆனால் சேற்றில் கட்டை நிற்காமல் சறுக்கியது. அவள் அதை எடுத்து மறுபடி உள்ளே தள்ளினாள். வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. வீரய்யாவின் காலடியில் மிதி இறங்கிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் போனால் பிடிப்பு விட்டுவிடும். குத்திப் பிடிப்பதற்காகக் காலைத் தூக்கினான். அந்த ஒரு நொடிக்குள் வண்டி முக்கால் அடி பின்னால் வந்தது.

"அவ கத்தவே இல்ல நானா. 'ஆச்சு'ன்னு சத்தம் வரும்னு நா காத்துக்கிட்டு இருந்தேன்" என்று பிறகு சொன்னான் வீரய்யா. சொல்லிவிட்டு என் கராஜின் எண்ணெய்த் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதான்.

பேச்சியம்மாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. தோட்டத்தில் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். ஒரு கையால் பறித்துப் பார்த்தாள், கூடை நிறையவில்லை. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, "இது தேயில மலையில வேல செய்யிறப்ப பட்ட காயமில்லியே, நாங்க என்ன செய்ய?" என்று சொல்லிப் பெயரை வெட்டிவிட்டார். அறையைக் காலி செய்ய ஒரு மாதத் தவணை கிடைத்தது.

அந்த மாதத்தின் கடைசியில் இருவரும் வண்டியோடு வந்தார்கள். பொல்பிட்டியப் பக்கம் ஒரு கொந்தராத்துக்காரர் பிக்கப்பைக் கேட்கிறாராம்.

"கைப்பிரேக் இல்லாம எடுக்க மாட்டேங்கிறாரு நானா" என்றான் வீரய்யா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் சுவருக்குப் போய் ஆணியிலிருந்து கேபிளை எடுத்தேன். பேச்சியம்மா என்னையும் ஆணியையும் பார்த்தாள். சுவரில் அது தொங்கிய இடம் மட்டும் கரி பிடிக்காமல் வெளுத்திருந்தது. போட்டு முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சோதித்துப் பார்க்க மூவருமாக ஸ்டேஷன் வீதி ஏற்றத்துக்குப் போனோம். பாதி ஏற்றத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, பிடியை இழுத்தேன். மிதியிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. அதன் ஆயுளில் முதல் முறையாக நல்ல பிள்ளையாக நின்றது.

திரும்பிப் பார்த்தால் சீட்டில் பேச்சியம்மா இல்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கட்டையை இடக்கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் தங்கச்சி. இப்ப புடிக்குது" என்றேன்.

"இவ்வளவுதானா வேல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

என் பக்கத்தில் வீரய்யா கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பேச்சியம்மா சக்கரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, இடக்கையால் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, "ஆச்சு" என்றாள்.