மாமா வீட்டு மூன்று சூரியன்கள்

அம்மா ஆஸ்பத்திரியில் மிஸியாக, அதாவது நர்ஸாக, வேலை செய்தாள். மருந்து கொடுப்பது பெரிய காரியமில்லை, அதை எப்படிக் குடிப்பது என்று சனங்களுக்கு விளங்கப்படுத்துவதில்தான் தன் சீவன் போகிறது என்பாள். ஒருத்தர் மூன்று நாள் மருந்தை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வருவார். இன்னொருத்தர் இருமல் நின்றதும் மிச்ச மருந்துக் குளிசைகளைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்துவிடுவார். வேலை முடிந்து வந்தால் அம்மா கால்களை வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இருப்பாள். அப்போது நாங்கள் எதுவும் கேட்கக் கூடாது.

எனக்கு ஒன்பது வயதில் மாங்கேணியில் இருந்த மாமாவுக்குச் சயரோகம் வந்தது. அம்மாவின் ஒரே அண்ணன். கடல் தொழில் செய்தவர், இந்த நோயோடு வீட்டில் முடங்கிப்போனார். சில மாதம் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் ஒரு வருசம் விடாமல் குளிசை குடிக்கவேண்டும் என்று அனுப்பினார்கள். விட்டு விட்டுக் குடித்தால் பிறகு மருந்து கேட்காது, ஆள் தப்பாது. இதை அம்மா எனக்குக்கூடச் சொல்லியிருந்தாள்.

குளிசைப் போத்தலோடு அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் அம்மா ஒரு காகித மட்டையைத் தந்து என்னை மூன்று சூரியன் கீறச் சொன்னாள். காலைக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. வெறும் வயிற்றில் குடித்தால் அந்தக் குளிசை குடலைப் புரட்டும் என்பதால் ஒவ்வொரு சூரியனுக்கும் கீழே ஒரு சோற்றுப் பீங்கான், அதன் பக்கத்தில் குளிசைகள். அன்று பகல் மாமி எனக்குப் போட்டுத் தந்த சோற்றை நினைத்துத்தான் கீறினேன். கும்பமாகச் சோறு, ஓரத்தில் மீன் தலை.

"சாப்பிடாமக் குடுக்கப்படாது மச்சாள்" என்று அம்மா மூன்று தரம் சொன்னாள். மாமி மட்டையை மாதா படத்துக்குக் கீழே செருகி வைத்தாள். எனக்கு அதில் பெரிய பெருமை.

இரண்டு மாதம் கழித்துத்தான் அம்மாவுக்கு மறுபடி லீவு கிடைத்தது. போனபோது மாமா பாயோடு பாயாகக் கிடந்தார். தலைமாட்டுத் துணியில் இரத்தம். அம்மா போத்தலைக் கொட்டிப் பார்த்தாள். முக்கால்வாசிக் குளிசை அப்படியே இருந்தது.

"எத்தனை தரம் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்? அண்ணனைச் சாகக் குடுக்கப்போறீங்களா மச்சாள்?" என்றாள். கத்தவில்லை. கத்துவதற்கும் அவளிடம் தெம்பு இல்லை.

மாமி மட்டையை எடுத்து வந்து பீங்கானில் விரலை வைத்தாள். "நீங்க சொன்னபடிதான் மச்சாள். சோறு தின்டாக் குடுத்தன். சோறு இல்லாத நேரம் குடுக்கல்ல."

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் சோறு?"

"ஒருக்கா. சில நாள் அதுவுமில்ல. அவர் கடலுக்குப் போய் எவ்வளவு நாளாச்சு."

அம்மா அடுப்படியை எட்டிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவளுக்கு அண்ணன் வீட்டு அடுப்பு தெரியாமல் போயிற்று. பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து என் மூன்று பீங்கான்களையும் அடித்து அழித்தாள். "தண்ணியோடயாவது குடுங்க. புரட்டினாப் புரட்டட்டும்." என் படம் பாழாய்ப் போனதே என்று நான் அழுதேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டிலிருந்து மாதா மாதம் அரிசி போனது. ஆனால் மருந்து கேட்கவில்லை. மாமா அடுத்த மாரியைக் காணவில்லை. அதற்குப் பிறகு அம்மா எந்த நோயாளியிடமும் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள். பலருக்கு அது பொல்லாத கேள்வியாகப் பட்டது.

அம்மா தன்னைத்தான் கடைசிவரை நொந்துகொண்டாள். நான் நினைத்துக்கொள்வது அந்த முதல் நாளை. எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் சோறு போட்டுவிட்டு, தாங்கள் அப்போதே தின்றுவிட்டதாகச் சொன்னாள் மாமி. நான் இன்னும் ஓர் அகப்பை கேட்டேன். மாமி சட்டியைச் சரித்துச் சுரண்டிப் போட்டாள். மாமா பாயில் இருந்தபடி, வடிவாச் சாப்பிடு மகள் என்றார்.