பட்டு நூலில் அளந்த பேராலயம்

எங்கள் பங்குக் கோயிலைப் பேராலயமாக்கப் போகிறார்கள் என்று ஞாயிற்றுப் பூசையில் அறிவித்ததும் என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புது மறைமாவட்டம், புது ஆயர், அவருக்கு ஒரு நாற்காலி. அந்த நாற்காலி எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் பேராலயம். சரி, இருக்கட்டும். ஆனால் எங்கள் கோயிலைப் பார்த்தால் கோயில் என்றே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மணிக்கூண்டு கிடையாது. தட்டையான கான்கிரீட் கூரை, வரிசையாகச் சிமெண்ட் ஜாலி. காஞ்சிபுரத்தில் இத்தனை கோபுரங்களுக்கு நடுவே கல்யாண மண்டபம் மாதிரி நிற்கும். முகூர்த்த நாளில் மொய்க் கவரோடு நுழைந்து திருதிருவென்று விழித்தவர்களுக்கு நானே வழி காட்டி அனுப்பியிருக்கிறேன்.

நான் அந்தக் கோயிலுக்கு மருமகளாக வந்தவள். பிறந்தது எதிர்த் தெருவில், திருநீறு பூசும் நெசவாளர் வீட்டில். கல்யாணத்துக்கு அப்பா தடை சொல்லவில்லை. புடவையைத் தானே நெய்து கொடுத்தார், ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டார். கோயிலுக்குள் மட்டும் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் அதே கதை. சாமி வேறு என்பதால்தானே என்று இருபத்து நான்கு வருஷம் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். வாய் விட்டுக் கேட்கவில்லை. வீம்பு எனக்கும் உண்டு.

ஆயர் நாற்காலிக்கு இடம் பார்க்க வந்த இன்ஜினியர் டேப் பிடித்து அளந்துவிட்டு முகம் சுளித்தார். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர் ஒரு பக்கம் அரை அடி விலகியிருந்தது. "அஸ்திவாரம் நகர்ந்துக்கினு இருக்குதோன்னு பயமா இருக்குது ஃபாதர். யாரையும் உள்ள விடாதீங்க" என்றார். பங்குத்தந்தை அன்றே கதவைப் பூட்டினார். கோபுரம் வைத்த கோயில் வேண்டும் என்று ஏற்கெனவே முணுமுணுத்தவர்களுக்குக் கொண்டாட்டம். இடித்துவிட்டுக் கட்டலாம் என்று பேச்சு கிளம்பியது.

அதிலிருந்து அப்பா தினமும் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இடிக்கறாங்களாம்மா?" ஒரே கேள்வி. நான்காம் நாள் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ கால் வைக்காத கோயிலு. இடிச்சா உனக்கென்ன நைனா, இருந்தா உனக்கென்ன?" என்றேன்.

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். "அது நகரலம்மா. கட்டும்போதே கோணல். நான் பண்ண தப்பு" என்றார்.

கோயில் இருக்கும் இடம் ஒரு காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் விடியற்காலையில் பாவு நீட்டும் திடல். தறியில் ஏற்றுவதற்கு முன் நீள இழைகளை அங்கேதான் இழுத்துக் கட்டிச் சீராக்குவார்கள். அஸ்திவாரத்துக்குக் குறி போட வந்த அன்று மேஸ்திரியின் டேப் அறுந்துவிட்டது. அங்கே பாவு நீட்டிக்கொண்டிருந்த அப்பா, "எங்க நூல் பொய் சொல்லாது" என்று முறுக்கிய பட்டு நூலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மூலைமட்டம் சரி. ஒரு குறுக்கைப் பனி ஈரத்தில் அளந்தார்கள். இன்னொன்றை வெயில் ஏறிய பிறகு. பட்டு நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். நூலில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன, தரையில் மூலை கோணிவிட்டது.

"எந்த நெசவுக்காரனுக்கும் தெரியும். பெரும கண்ண மறச்சிடுச்சி" என்றார் அப்பா. "செவுரு எழும்பினப்புறந்தான் பாத்தேன். உள்ள வந்தா என் கண்ணு அங்கதாம்மா போவும். கரை கோணின பொடவைய நான் யாருக்கும் காட்டுனதில்ல. உன் கல்யாணத்தன்னிக்கி அதப் பாத்துக்கினு எப்படிம்மா நிப்பேன்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"வந்து ஃபாதர்கிட்ட சொல்லு" என்றேன்.

"தெருவே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்."

கோயில் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பங்குத்தந்தையிடமும் இன்ஜினியரிடமும் எல்லாவற்றையும் சொன்னார். இன்ஜினியர் நம்பவில்லை. "பீடத்துக்குப் பின்னாடி விரிப்பத் தூக்கிப் பாருங்க. கோணல மறைக்க ஓரக் கல்ல சாய்வா வெட்டிப் போட்டத கட்டும்போதே பாத்தேன்" என்றார் அப்பா. தூக்கினோம். ஒரு மூலையில் முழுக் கல், அடுத்தடுத்து ஒடுங்கி, மறு மூலையில் விரல் அகலத் துண்டு. இன்ஜினியர் கல்லிடுக்குகளைக் கையால் தடவிக்கொண்டே போனார். சுவர் நகர்ந்திருந்தால் அந்த இடுக்குகள் பிளந்திருக்க வேண்டும், ஒன்றுகூடப் பிளக்கவில்லை. ஆனாலும் சுவர் அசைந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும் என்று சுவர்களின் சந்திப்பில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி ஒரு மாதம் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. கதவு திறந்தது. தெருவில் யாரும் சிரிக்கவும் இல்லை.

ஆயர் வந்து பார்த்துவிட்டு, "நான் பாக்க வேண்டியது உள்ள வர்றவங்களத்தானே" என்று, நாற்காலியைச் சுவருக்கு இணையாக இல்லாமல் வாசலுக்கு நேராகப் போடச் சொன்னார்.

பேராலயமான அன்று அப்பா திருநீற்றோடு, வெளுத்த வேட்டியில் உள்ளே வந்தார். கூட்டம் இன்னும் சேரவில்லை. சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்ன எந்த எடத்துலம்மா நிக்க வச்சாங்க, கல்யாணத்தன்னிக்கி?" என்று கேட்டார்.

பீடப் படிகளுக்குக் கீழே இருந்த இடத்தைக் காட்டினேன். அங்கே போய், பூசை தொடங்கும் வரை நின்றுகொண்டிருந்தார்.