மலைக்கு ஒரு கம்பி, ஊருக்கு ஒரு கம்பி

கல்யாணமாகி மூன்றாவது மாதம், புகுந்த வீட்டுக் கொலுவில் இருந்த பொம்மை ரயில் ஸ்டேஷனுக்கு விளக்குப் போடும் வேலையை நானே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வேலூரில் பிஎஸ்ஸி இயற்பியல் முடித்த கர்வம் மூன்று மாதமாகப் புளி கரைப்பதிலும் மோர் கடைவதிலும் வீணாகிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. என் வாய் என் பேச்சையே கேட்காத வயது.

வீடு திருவண்ணாமலையில், திருவூடல் தெருவில். தை மாதம் சாமியும் அம்மனும் சண்டை போட்டுக்கொள்ள ஒரு தெருவையே ஒதுக்கிக் கொடுத்த ஊர் அது. எங்களுக்கோ பேசிக்கொள்ள ஒரு மூலை இல்லை. மாமனார், மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு சின்னப் பெண்கள், நாத்தனார், நாங்கள் இருவர். ஒன்பது பேருக்கு ஒரு கூடம், இரண்டு அறை. பகலில் நான் அவரிடம் நாலு வார்த்தை பேசினால் நாத்தனாருக்கு இருமல் வந்துவிடும். ராத்திரியில் பேசியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் அறைக்கும் மாமனார் படுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. அவர் புரண்டு படுப்பது எங்களுக்குக் கேட்கும். எங்கள் ரகசியம் மட்டும் அவருக்குக் கேட்காதா?

ஆனால் எனக்குப் பேசியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அவருக்கு அரசாங்க ஆபீசில் வேலை. தருமபுரிக்கு மாற்றல் ஆகியிருந்தது. பூஜை விடுமுறை முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். அந்த வீட்டில் மாற்றல் என்றால் ஆம்பிளைக்கு மட்டும்தான். அங்கே ரூம் எடுத்துத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து இறங்குவார்கள். பெண்டாட்டி இங்கேயே மாமியாரோடு இருப்பாள். ஓரகத்தி நாலு வருஷம் அப்படி இருந்தவள். நானும் அப்படியே இருப்பேன் என்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமலேயே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ‘என்னையும் கூட்டிப் போங்கள்’ என்று அவரிடம் கேட்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷத் தனிமை வேண்டும். அது கிடைத்தபாடில்லை.

இந்த நிலையில்தான் கொலு வந்தது.

கொலுப்படிக்கு முன்னால் மண்ணைக் கொட்டிப் பூங்கா போடுவது அவருடைய இலாகா. சின்ன வயதில் அவருக்கு வாங்கிக் கொடுத்த தகர ரயில் ஒன்று, சாவி கொடுத்தால் ஓடும். கோணியைக் களிமண்ணில் முக்கி நிமிர்த்தி ஒரு மலை செய்வார். அதைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம். நிஜ ரயில் மலையைச் சுற்றுவதில்லை. விழுப்புரத்திலிருந்து வந்து காட்பாடிப் பக்கம் போய்விடும். எங்கள் ரயிலுக்குப் பக்தி ஜாஸ்தி, அது கிரிவலம் வந்தது. அந்த வருஷம் முதல் ஓட்டம் விட்டபோது மாமியார் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இன்னாடா இது, இடமா சுத்துது? திருப்பி வை” என்றார். ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கிற மனிதர், சத்தமில்லாமல் ரயிலைத் தூக்கித் திருப்பி வைத்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

விளக்கு விஷயத்தில் அவர் சுத்த முரடு. கல்யாண வீட்டுச் சீரியல் செட் ஒன்றை அப்படியே மண்ணில் புதைத்து வீட்டுக் கரண்டில் சொருகிவிடுவார். ஒரு பல்பு போனால் மொத்த ஊரும் இருண்டுவிடும். அது போகட்டும். பூங்காவில் முளைவிட்ட கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய், போன வருஷம் நாத்தனாருக்கு விரலில் சுருக்கென்று இழுத்திருக்கிறது. இதைக் கேட்டதும் நான் எழுந்து நின்று, “இந்த வருஷம் நான் பண்றேன், அத்தை” என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் கூடத்தில் மாமனாரும் இருக்கிறார் என்பதைப் பார்த்தேன்.

தேரடி வீதிப் பக்கம் ஒரு பாய் ரேடியோக் கடை வைத்திருந்தார். நாத்தனாரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“இன்னாம்மா, எத்தினி பல்பு?” என்றார்.

“பதினாலு. ஒண்ணு போனாலும் மத்தது எரியணும்.”

பாய் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பாட்டரிக்குப் பதிலாக டிரான்சிஸ்டருக்கு மாட்டுகிற எலிமினேட்டரைத் தள்ளி வைத்தார். “இதுல பவர் கம்மி, தாங்காது” என்று சொல்லி, செத்துப்போன ஒரு வால்வு ரேடியோவின் வயிற்றிலிருந்து டிரான்ஸ்பார்மரைக் கழற்றினார். “இந்த ரெண்டு ஒயரு ஆறு வோல்ட்டு. தாராளமா தொடலாம். மத்ததுக்கெல்லாம் டேப்பு சுத்திட்டேன், அதுங்க கிட்டமட்டும் போகாதீங்க.” பழைய ரேடியோக்களில் முள் நகரும் கண்ணாடிக்குப் பின்னால் எரியுமே, அந்தப் பட்டாணி அளவுப் பல்புகள் பதினைந்து கொடுத்தார். ஒன்று உபரி. கூடவே இரண்டு சின்ன ஸ்விட்சுகள். இந்த ஸ்விட்சுகளை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தீர்ந்துபோன பேனா ரீஃபில்களைச் சேர்த்து, கழுவி, விளக்குக் கம்பங்களாக நட்டேன். அவற்றின் உள்ளே நுழைய மெல்லிய கம்பி வேண்டுமே. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலிருந்து செம்புக் கம்பி வந்தது. ஸ்டேஷனுக்கு மூன்று பல்பு, தெருவுக்கு எட்டு, மலை உச்சியில் ஒன்று. ரயிலுக்குச் சிக்னல் காட்டும் கைகாட்டி மரத்துக்கு இரண்டு, அவற்றில் ஒன்றுக்குச் சிவப்பு மிட்டாய்க் காகிதம், இன்னொன்றுக்குப் பச்சை. பாயிடம் இரவல் வாங்கிய சால்டரிங் அயர்னை வைத்துச் சமையலறை மூலையில் உட்கார்ந்து ஈயம் உருக்கினேன். வீடே வேடிக்கை பார்த்தது. எல்லாம் முடித்து, ஆடம்பரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு கரண்ட் கொடுத்தேன்.

ஒரு பல்பும் எரியவில்லை.

அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் அவர்தான் வந்து, கம்பி நுனியை நகத்தால் கீறிப் பார்த்து, “இது மேல வார்னிஷ் இருக்கே, சுரண்ட வேணாமா?” என்றார். கல்லூரியில் எங்களுக்குக் கம்பியைச் சுரண்டியே கொடுப்பார்கள். பிஎஸ்ஸியின் மூக்கு உடைந்தது. அவர் சிரிக்கவில்லை. கண் மட்டும் சிரித்தது. பிளேடை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். பட்டப்பகலில் அவ்வளவு கிட்டத்தில் நாங்கள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. எனக்குக் கம்பி எது, விரல் எது என்றே தெரியவில்லை.

முதல் நாள் சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். மலைக்குத் தனிக் கம்பி, ஊருக்குத் தனிக் கம்பி, கைகாட்டியின் சிவப்புக்கும் பச்சைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்திருந்தேன். ஸ்விட்ச் இன்னும் மாட்டவில்லை. படிகளுக்குப் பின்னால் கையை விட்டு முதலில் ஊர்க் கம்பியை இணைத்தேன். ஸ்டேஷன் எரிந்தது, தெரு எரிந்தது. எல்லாரும் ஆ என்றார்கள். நான் தலைகால் புரியாமல் எட்டிப் பார்த்தேன். மாமியார் முகம் மட்டும் சரியில்லை.

“மலையில ஏறாம ஊர்ல எப்படிம்மா எரியும்?” என்றார்.

வேலூர்க்காரிக்கு அது உறைக்கவே இல்லை. இந்த ஊரில் கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அங்கே சுடர் தெரிந்த பிறகுதான் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள். நானோ ஊரை முதலில் கொளுத்திவிட்டு மலையை இருட்டில் விட்டிருக்கிறேன்.

“மாத்திடறேன் அத்தை. மொதல்ல மலை, அப்புறம் ஊரு. ஆனா...” என்று இழுத்தேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று இன்றுவரை தெரியாது. “கம்பியைக் கையாலதான் ஒண்ணொண்ணா சேக்கணும். தெனம் சாயங்காலம் ஒருத்தர் படிக்குள்ளயே உக்காரணும்.”

இரண்டு ஸ்விட்சும் என் பல்பு டப்பாவில் பத்திரமாக இருந்தன.

மாமியார் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். “உள்ள இருட்டா இருக்கும். நீ போயி டார்ச் பிடி” என்றார்.

எங்கள் கொலுப்படி டிரங்குப் பெட்டி, பெஞ்சு, பலகை எல்லாம் அடுக்கி மேலே வெள்ளை வேட்டி விரித்தது. பின்பக்கம் பெஞ்சுக்கு அடியில் இரண்டு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார இடம் இருந்தது. ரசகற்பூர உருண்டை வாசனை, வைக்கோல், டார்ச் வெளிச்சம். தலைக்கு மேலே முப்பத்து முக்கோடி தேவர்கள். ஒரு கை தூரத்தில், வேட்டிக்கு அந்தப் பக்கம், சுண்டலுக்குக் காத்திருக்கும் தெருப் பெண்கள். ஒருத்தி பாட ஆரம்பித்து, மேல் ஸ்தாயியில் எட்டாமல் அப்படியே நின்றுவிட்டாள். அவர் டார்ச்சைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, அவள் வாயைப் போலவே திறந்து காட்டினார். அவ்வளவுதான். சிரிப்பு எங்களைப் பிடித்துக்கொண்டது. சத்தம் வராமல் சிரிப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா? பெஞ்சு குலுங்கியது.

வெளியே யாரோ சொன்னது கேட்டது. “இன்னாங்க, தலையாட்டி பொம்மை தானா ஆடுது?”

“காத்து. பின்பக்க ஜன்னல் தொறந்திருக்கு” என்றது மாமியார் குரல். “மலையை ஏத்தும்மா.”

மலைக் கம்பியைத் தொட்டேன். உச்சியில் பொட்டு வெளிச்சம். கூடமே கையைத் தூக்கி அரோகரா சொன்னது. பத்து எண்ணிவிட்டு ஊர்க் கம்பியைத் தொட்டேன். நாத்தனார் ரயிலுக்குச் சாவி கொடுத்தாள். அது கடகடவென்று வலமாகச் சுற்றியது.

தினமும் இன்று கேட்டுவிட வேண்டும் என்று முடிவு கட்டித்தான் உள்ளே போவேன். உள்ளே போனதும் அவர் ஏதாவது செய்வார், அல்லது ஒன்றுமே செய்யாமல் என்னைப் பார்ப்பார், அதற்கும் சிரிப்பு வரும். மேலே பொம்மை ஆடும். வெளியே காற்று என்பார் மாமியார். எட்டு நாள் இப்படியே ஓடிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் என் ஆயுளில் அதற்கு முன்னால் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது.

சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களோடு சால்டரிங் அயர்னுக்கும் மாமியார் குங்குமப் பொட்டு வைத்தார். அன்று சாயங்காலம்தான் கடைசி. உள்ளே போனதும் அவர் முகத்தைப் பார்க்காமல் டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“என்னங்க, தருமபுரிக்கு நானும் வரட்டுமா?”

அவர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

“அங்க தண்ணிக் கஷ்டம்.”

“நான் கொடம் தூக்குவேன்.”

“பாத்து வெச்சிருக்கிற ரூம்ல ஒரே ஒரு பல்புதான்.”

“பதினாலு போட்டுத் தரேன்.”

அவர் மூச்சு குலுங்கியது. மேலே பொம்மை ஆடியிருக்க வேண்டும். இருட்டில் என் கையைத் தாண்டி அவர் கை போனது. எதையோ எடுத்து எதிலோ வைத்தது.

வெளியே நாத்தனார் கத்தினாள். “அம்மா, கைகாட்டியில பச்சை எரியுது.”

இத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு அந்த மிட்டாய்க் காகிதம் பதில் சொல்லிவிட்டது.

“மலை எரியாம ரயிலு எங்க கெளம்புது?” என்றது மாமியார் குரல். “மொதல்ல மலை.”

மலைக் கம்பியைத் தொட்டேன். அரோகரா சத்தத்துக்கு நடுவே அவர் என் காதருகே குனிந்து, “அம்மா கிட்ட யார் சொல்றது?” என்றார். நீங்கள் என்றேன். நீ என்றார். இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. அன்று ராத்திரி யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

விஜயதசமி கழிந்த மறுநாள் காலை பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். நானும் மாமியாரும் மட்டும். இன்னும் இரண்டு நாளில் அவர் கிளம்ப வேண்டும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். மாமியார் தலையாட்டி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, என் பல்பு டப்பாவை இழுத்துத் திறந்தார். அடியில் கையை விட்டு இரண்டு ஸ்விட்சையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“அத்தை, இது வந்து...”

“இத மொத நாளே பாத்துட்டேன்” என்றார். “கெளம்பறதுக்குள்ள மாட்டிக் குடுத்துட்டுப் போ. அடுத்த வருஷம் உள்ள உக்கார ஆளு இருக்காது.”

அது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். மடியில் பொம்மையின் தலை ஆடிக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை.