அரையடி மாமா

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூரில், "அரையடி மாமா!" என்று நீங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டு ஓடினீர்கள். மாமா லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. எப்போதும் "யார்றா அது" என்று தூக்கிச் சுற்றுகிற ஆள். "மாமாவுக்கு என்னாச்சுப்பா?" என்று வழியெல்லாம் கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. நான் பத்தாவது வரைக்கும் படித்தவன், தப்பும் தவறுமாகத்தான் எழுதுவேன். பொறுத்துப் படியுங்கள்.

நீங்கள் பிறக்காத காலம். உங்கள் அம்மாவை அரியலூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்போதும் எனக்கு இதே வேலைதான். பெரம்பலூர் காலேஜ் மைதானத்தில் சுண்ணாம்பில் கோடு போடுவது, வலை கட்டுவது. அம்மாவின் தம்பி, உங்கள் மாமா, அரியலூர் காலேஜ் ஃபுட்பால் டீமில் முன்னால் ஆடுகிற ஆள். அந்த வருடம் பைனலுக்கு வந்தது இந்த ரெண்டு காலேஜும்தான். நம் மைதானத்திலேயே ஆட்டம்.

கோட்டோரம் கொடி பிடித்து ஓடுவதற்கு இரண்டு பேர் வெளியூரிலிருந்து வர வேண்டும். ஒருத்தர் வந்தார், இன்னொருத்தர் வரவில்லை. ரெண்டு காலேஜ் பி.டி. சாரும் அரைமணி நேரம் வாக்குவாதம் செய்தார்கள். கடைசியில் எங்கள் சார் என்னைக் கை காட்டினார். "இவன் நம்ம ஆளு, சட்டம் பூரா தெரியும்." அரியலூர் சார் சிரித்தார். "எங்க ஊரு மாப்பிள்ளைதான? அப்ப சரி." ரெண்டு பக்கத்துக்கும் வேண்டியவன், அதனால் சரியாகச் செய்வான் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆஃப்சைடு என்றால் என்னவென்று பாப்பா கேட்டாளே, இங்கே சொல்லிவிடுகிறேன். கூட்டாளி பந்தைத் தட்டிவிடுகிற நேரத்தில், எதிர் டீமில் கோல் கீப்பரை விட்டுவிட்டுக் கடைசியாக நிற்கிறவனைத் தாண்டி நீ நின்றிருக்கக் கூடாது. நின்றால் கோல் செல்லாது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் கொடி.

ஆட்டத்துக்கு முன்னால் மாமா என்னிடம் வந்தார். பூட்ஸ் முனை கிழிந்து நீலக் கலர் டேப் சுற்றியிருந்தது. "மாமா, இன்னைக்கு யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்க வந்திருக்காங்க. எடுத்துட்டா போலீஸ்ல கோட்டா இருக்கு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நான் ஆடுறத மட்டும் பாருங்க" என்றார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். நம் பையன்கள், "சிமெண்டு மூட்டைங்களா, தூசியத் தட்டிட்டு ஓடுங்கடா!" என்பார்கள். அவர்கள், "வெங்காயத்த உரிச்சிக்கிட்டு அழுங்கடா!" என்பார்கள். அந்தப் பக்கம் மாமனார் சொந்தம் மொத்தமும் நின்றது. "மாப்ள, கொடியத் தூக்குனீங்க, மறுசோறு கெடையாது பாத்துக்குங்க!" என்று உங்கள் பெரிய தாத்தா கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

நாம் ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தோம். முடிய ரெண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். மாமா என் பக்கத்துக் கோட்டை ஒட்டி நின்றார். எனக்கு முதுகுப் பக்கம் நம் பையன் ஒருத்தன், "மச்சானுக்கு இன்னைக்கு ஒரு கோலு சீர் வைக்கப் போறாருடோய்!" என்றான். காது சுட்டது. அந்த நேரம் பின்னாலிருந்து பந்து வந்தது.

நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். நம் டீமின் கடைசிப் பையனுடைய குதிகால், அதற்கு இந்தப் பக்கமே மாமாவின் நீல டேப். தாண்டவில்லை. மாமா ஓடினார், அடித்தார், வலை ஆடியது. அரியலூர்ப் பக்கம் துண்டெல்லாம் மேலே பறந்தது. அப்புறம் சத்தம் அடங்கியது. எல்லோரும் ஏன் என்னைப் பார்க்கிறார்கள் என்று நானும் பார்த்தேன். என் கை மேலே இருந்தது, கையில் கொடி.

கை தானாகப் போய்விட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். சீர் வைத்தவன் என்ற பேர் வந்துவிடுமே என்று பயந்து தூக்கினேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஆட்டம் முடிந்து, வேர்வையோடு மாமா என்னிடம் வந்தார். சண்டைக்கு இல்லை. "எவ்வளவு மாமா? எவ்வளவு தாண்டி நின்னேன்?" என்று சின்னப் பையன் மாதிரி கேட்டார். என் வாயில் வந்தது, "அரையடி."

"அரையடியா?" என்று தரையைப் பார்த்தார். "அவசரப்பட்டுட்டேன் மாமா."

அவரை எடுக்கவில்லை. காலேஜ் முடித்துச் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் போனார். அந்தக் கதையை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்ல, நீங்கள் பேரும் வைத்துவிட்டீர்கள். நீங்கள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த நீல டேப் தெரியும். காலையில் குனிந்து கோடு போடும்போது, சுண்ணாம்புக்கு இந்தப் பக்கம் அந்தக் கால் வந்து நிற்கும். நிமிர்ந்தால் மைதானத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். காதுகுத்தில் பாப்பாவை மடியில் வைத்து அவர் உட்கார்ந்திருந்தபோதும் நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பாப்பா அரையடி ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய், "இவ்வளவுக்கா மாமா கோல் போச்சு?" என்று கேட்டாள். "ஆமா தங்கம். கொஞ்சம் பொறுத்திருந்தா மாமா இன்னைக்கு போலீசு" என்றார். அந்த ஸ்கேலை வாங்கித் தன் கால் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அதற்கு அடுத்த வாரம், உங்களுக்குத் தெரியாமல் போய் அவர் லாரியில் ஏறினேன். மத்தியானம், ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் எப்படி நிறுத்துவார் என்று உங்களுக்குத் தெரியும். முன் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நிறுத்துவார். இத்தனை வருடத்தில் ஒரு கீறல் கிடையாது, அதனால் முதலாளி புது லாரியை அவருக்குத்தான் கொடுப்பார். ரயில் போய்க்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். "மாப்ள, அன்னைக்கு நீ தாண்டல. நான் பாத்தேன். அரையடின்னு சொன்னதும் பொய்."

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை.

"திட்டு மாப்ள" என்றேன்.

"ஏன் மாமா இப்ப சொன்னீங்க?" என்றார். "நான் அவசரக்காரன்னு நெனச்சு நெனச்சுத்தான் எல்லாத்துலயும் ஒரு அடி பின்னாடியே நின்னேன். பொண்ணு பாக்கப் போனப்பகூட. அப்ப அதெல்லாம் எதுக்கு மாமா?"

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். என் பாரத்தை இறக்கி அவர் மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இனிமேல் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வெறும் மாமா போதும். வேறு எப்படிச் சரி செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வாரா வாரம் போவேன், பேசினாலும் பேசாவிட்டாலும்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது கேட் மூடியிருந்ததே, நினைவிருக்கிறதா? நமக்கு முன்னால் மாமாவின் லாரி. "மாமா டாட்டா!" என்று நீங்கள் கை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் ஓரமாக எட்டி லாரியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். முன்னால் நின்ற டேங்கரை முட்டுகிற மாதிரி, ஒரு கை நுழைய இடமில்லாமல் நிறுத்தியிருந்தார்.